காற்றை விலைக்கு வாங்குகிறோம்

சென்ற ஆவணி மாதத்தில் எங்கள் வீட்டிற்குப் புதிதாக ஒரு குளிர்சாதனப் பெட்டி வந்து சேர்ந்தது. பழைய பெட்டி பதினான்கு வருஷம் உழைத்துவிட்டு ஓய்ந்து போயிற்று. புதியதைச் சுமந்து வந்த ஆட்கள் மேலட்டையைக் கிழித்தார்கள். மேலும் கீழும் முட்டுக் கொடுத்திருந்த வெள்ளைத் தெர்மாகோல் கட்டிகளைக் கழற்றிக் கூடத்தில் போட்டார்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பெட்டியை ஐந்து நிமிஷம் பார்த்ததும் குழந்தைகளுக்கு அலுத்துவிட்டது. தெர்மாகோல் கட்டிகளோ அன்று முழுவதும் அலுக்கவில்லை. கோட்டை கட்டினார்கள், பிறகு கோட்டையைப் பிடித்தார்கள், பிடிக்கும்போது அதை உடைத்தார்கள். மாலையில் கூடம் முழுவதும் கடுகும் மிளகும் போன்ற வெள்ளை மணிகள் இறைந்து கிடந்தன. என் மனைவி துடைப்பத்தை எடுத்தாள். துடைப்பம் கிழக்கே போனால் மணிகள் மேற்கே போயின. குனிந்து அள்ளினால் விரலோடு ஒட்டிக்கொண்டன. உதறினால் புடவையில் ஒட்டிக்கொண்டன. சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டுகளை இழுத்துக் காட்டும் அதே உராய்வு மின்சாரந்தான் காரணம் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அந்த விளக்கத்தை அப்போது யாரும் வரவேற்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஊஞ்சலில் உட்கார்ந்திருந்த என் தாயார் மட்டும் ஒரு மணியை விரலில் எடுத்துப் பார்த்துவிட்டு, "பார்க்கிறதற்கு நெட்டி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் நெட்டி இப்படிப் பிடிவாதம் பண்ணாதே!" என்றார்.

மறு ஞாயிற்றுக்கிழமை பழைய காகிதம் வாங்கும் வியாபாரி வந்தார். அட்டையை மகிழ்ச்சியோடு எடுத்துக்கொண்டார். உடைந்ததும் உடையாததுமாக நான் கொண்டுவந்து வைத்த தெர்மாகோலைக் கையாலும் தொடவில்லை. "இதைத் தூக்கி வெச்சா தராசு அசையாதுங்க, சார், வண்டிதான் ரொம்பிப் போகும்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தில் தெர்மாகோலின் பெருமையும் அடங்கியிருக்கிறது, தொல்லையும் அடங்கியிருக்கிறது. அதன் கன அளவில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு காற்று. மிஞ்சிய இரண்டு பங்குதான் பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரமுள்ள கட்டியை எடுத்துக்கொண்டால், சாமான்களைக் கட்டி அனுப்பப் பயன்படும் ரகம் சுமார் 20 கிலோதான் நிற்கும். அதே அளவு தண்ணீர் 1,000 கிலோ. 30 கன மீட்டர் கொள்ளும் லாரி ஒன்றில் இந்தச் சரக்கை முட்ட முட்ட அடைத்தாலும் 600 கிலோவுக்கு மேல் ஏறாது. அந்த அறுநூறு கிலோவுக்காக டீசலும் டிரைவர் சம்பளமும் கொடுக்க எந்த வியாபாரி முன்வருவார்? கடையிலிருந்து நாம் விலை கொடுத்துக் காற்றை வாங்கி வருகிறோம். அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள ஊரில் ஆள் இல்லை.

தெர்மாகோல் என்பது ஒரு வியாபாரப் பெயராகப் பிறந்து, நம் நாட்டில் பொதுப் பெயராக நிலைத்துவிட்டது. வஸ்துவின் பூர்வீகம் ஜெர்மனி. பெர்லின் நகரத்து மருந்துக் கடைக்காரர் எட்வர்ட் ஸைமன் என்பவர் 1839-ல், துருக்கி நாட்டு மரம் ஒன்றின் வாசனைப் பிசினைக் காய்ச்சி வடித்து ஓர் எண்ணெயை எடுத்தார். சில நாள் கழித்துப் பார்த்தபோது அந்த எண்ணெய் கூழாக உறைந்திருந்தது. காற்றில் உள்ள பிராணவாயு சேர்ந்ததால் வந்த மாறுதல் என்று அவர் நினைத்துக்கொண்டார். உண்மை அதுவன்று. எண்ணெயின் நுண்ணிய மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலிகளாகிவிட்டன. ஆயிரக் கணக்கான கண்ணிகளைக் கொண்ட சங்கிலி என்ற கருத்தையே ரஸாயன உலகம் நெடுங்காலம் நம்ப மறுத்தது. ஹெர்மன் ஸ்டாடிங்கர் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் 1920-ம் வருஷத்திலிருந்து அதற்காக வாதாடினார். 1953-ல் நோபல் பரிசும் பெற்றார். இன்று அந்த எண்ணெய்க்கு மரத்தை நாடுவதில்லை. பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் பென்ஸீனையும் எதிலீனையும் சேர்த்து மலை மலையாகச் செய்கிறார்கள்.

அதைக் காற்றடைத்த நுரையாகச் செய்யும் வித்தை பிற்பாடு வந்தது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது, 1942-ல், அமெரிக்கக் கடலோரக் காவற்படையினர் ஒரு வகை நுரையை உயிர்காப்பு மிதவைக்கு உபயோகித்தார்கள். நம் வீட்டுக்கு வருகிற மணி மணியான ரகத்தை 1949-ல் பி.ஏ.எஸ்.எப். என்ற ஜெர்மன் கம்பெனியில் பிரிட்ஸ் ஸ்டாஸ்ட்னி கண்டுபிடித்தார். செய்முறை நம் வீட்டுப் பெண்களுக்கு உடனே விளங்கும். முதலில் கிடைப்பது ஜவ்வரிசி போன்ற சிறு சிறு உருண்டைகள். ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் பென்டேன் என்ற, எளிதில் ஆவியாகும் திரவம் சிறிதளவு அடங்கியிருக்கும். நீராவி பட்டதும் உருண்டை இளகுகிறது. உள்ளே இருக்கும் பென்டேன் ஆவியாகி அதை ஊதுகிறது. அரிசி பொரிவது போல உருண்டை பொரிந்து நாற்பது மடங்கு வரை பருத்துவிடும். இந்தப் பொரியைச் சில மணி நேரம் ஆறவிட்டு, அச்சில் கொட்டி, மறுபடி நீராவி விட்டால் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். பொரி உருண்டையில் வெல்லப் பாகு செய்யும் வேலையை இங்கே சூடே செய்துவிடுகிறது.

இவ்வளவு அருமையான வஸ்துவை ஒரேயடியாகத் திட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. ஐஸ் கட்டிக்கு மரத்தூளும் உமியும் கொட்டிச் சாக்கைச் சுற்றி வைத்த காலம் ஒன்று இருந்தது. மரத்தூளுக்கு இடையில் அசையாமல் நின்ற காற்றுதான் வெளி உஷ்ணத்தைத் தடுத்தது. அந்த வேலையைத் தெர்மாகோல் பன்மடங்கு நன்றாகச் செய்கிறது. இராமேசுவரத்தில் காலையில் கரைக்கு வந்த மீன் கெடாமல் தொலைதூர நகரங்களுக்குப் போய்ச் சேருகிறதென்றால், வெள்ளைப் பெட்டிக்கு அதில் பங்கு உண்டு. குழந்தைகளுக்குப் போடும் தடுப்பு மருந்து குளிர்ச்சி குன்றாமல் பிரயாணம் செய்வதற்கும் இத்தகைய பெட்டிகள் உதவுகின்றன. குளிர் தேசங்களில் சுவருக்குள் இதைப் பதித்து வைத்து, வீட்டைச் சூடாக்கும் செலவை வருஷக் கணக்கில் மிச்சப்படுத்துகிறார்கள். நார்வே தேசத்தார் 1972-ல், மண் இளகி ரஸ்தா உள்வாங்கிக்கொண்டே போன ஓரிடத்தில் தெர்மாகோல் கட்டிகளைப் பரப்பி அதன்மேல் ரஸ்தா போட்டார்கள்! பாரம் குறைந்ததும் ரஸ்தா நின்றுவிட்டது. இவையெல்லாம் ஓரிடத்தில் வைத்துப் பல காலம் உபயோகிக்கும் முறைகள். அரை மணி நேரம் உபயோகித்துவிட்டு எறிவது வேறு சங்கதி. அந்தக் குற்றத்தில் நானும் பங்காளி. அதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

நான் உபாத்தியாயர். எங்கள் பள்ளிக்கூடத்தில் வருஷந்தோறும் விஞ்ஞானக் கண்காட்சி நடக்கும். மேட்டூர் அணை, எரிமலை, மனித இருதயம், சூரிய மண்டலம் எல்லாம் தெர்மாகோலில்தான். மாணாக்கர்களுக்கு அது எளிது; கத்தியால் அறுக்கலாம், குண்டூசி குத்தலாம், வர்ணம் பூசலாம். சுத்தமாகச் செய்திருந்தால் நானும் தாராளமாக மதிப்பெண் போடுவேன். ஒரு வருஷம் கண்காட்சி முடிந்த மறுநாள் பார்த்தால், இருபத்தெட்டு மாதிரிகள் வராந்தாவை அடைத்துக்கொண்டு கிடந்தன. குப்பை வண்டிக்காரர் எடுக்க மறுத்தார். "பின்பக்கம் கொண்டுபோய்க் கொளுத்திவிடுங்கள்" என்று சொன்னது அடியேன்தான்.

தீ பிடித்ததும் அது எரியவில்லை, உருகிற்று. உருகிச் சொட்டுச் சொட்டாக விழுந்து பிறகு எரிந்தது. புகை கறுத்துத் தடித்து, மைக்கூட்டைக் கவிழ்த்தது போல் எழும்பிற்று. நூல் நூலாகக் கரி பறந்து வந்து, கொடியில் உலர்ந்துகொண்டிருந்த துணிகளில் படிந்தது. காவல்காரர் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, "கண்ணு எரியுதுங்க, சார்" என்று ஓடி வந்தார். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் என் பக்கத்தில் நின்றான். அவன் செய்த இருதயமும் அந்தக் குவியலில் இருந்தது. "சார், இந்தப் புகை எங்கே சார் போகும்?" என்று கேட்டான். அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு அன்று தெரியவில்லை. தெரியவில்லை என்பதுகூடச் சரியல்ல, நினைத்துப் பார்க்கவில்லை.

திறந்த வெளியில் தெர்மாகோலைக் கொளுத்தினால் கரியோடு நச்சு வாயுவான கார்பன் மோனாக்ஸைடும், அந்தப் பழைய எண்ணெயான ஸ்டைரீனும் வெளிப்படுகின்றன. உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 2018-ல் ஸ்டைரீனை, மனிதருக்குப் பெரும்பாலும் புற்றுநோய் விளைவிக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தார்கள். இது சங்கிலியாகக் கோக்கப்படாத ஸ்டைரீனைப் பற்றிய தீர்ப்பேயன்றி, மூலையில் சும்மா கிடக்கும் வெள்ளைக் கட்டியைப் பற்றியதன்று. கட்டியைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டாம். ஆனால் கட்டியில் சிறிதளவு ஸ்டைரீன் கோக்கப்படாமலே தங்கியிருக்கும். சூடும் கொழுப்பும் சேர்ந்தால் அதில் ஓர் அற்ப பாகம் உணவில் இறங்கும். ஒரு கோப்பையில் இறங்குவது மிகச் சொற்பந்தான். என்றாலும் கொதிக்கும் காப்பிக்கும் நெய் மிதக்கும் பொங்கலுக்கும் அது ஏற்ற பாத்திரம் அல்ல.

இதை வகுப்பில் வாயால் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். ஆகவே ஓர் ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போனேன். தோலை உரித்து, தெர்மாகோல் துண்டின் மேல் மடக்கிப் பிழிந்தேன். தோலிலுள்ள எண்ணெய் பட்ட இடமெல்லாம் தெர்மாகோல் குழிந்து இளகி, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. ஆரஞ்சு எண்ணெயில் இருக்கும் லிமோனீன் என்ற சத்து பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும் தன்மையுள்ளது. காற்று போய்விட்டால் எஞ்சுவது எவ்வளவு என்பதையும் அன்று கண்ணால் பார்த்தோம். உள்ளங்கை அகலத் துண்டு ஒன்று கரைந்து, சுண்டைக்காய் அளவுப் பசையாக நின்றது. பழத்தைச் சாப்பிட்டது யார் என்பதில் பிற்பாடு தகராறு வந்தது. அது இந்தக் கட்டுரைக்கு வேண்டாம்.

எரிக்காமல் எறிந்தால் என்ன ஆகும்? மக்கிப் போகாது. காற்றடித்தால் பறக்கும்; மழை பெய்தால் சாக்கடையில் இறங்கும்; சாக்கடை வாயை அடைக்கும்; வெள்ளம் வந்தால் ஆற்றோடு போய்க் கடலைச் சேரும். அங்கேயும் அமிழாது. அலையில் மோதி மோதி மணிகளாக உதிரும். மீன் முட்டை என்று எண்ணி மீன்களும் பறவைகளும் விழுங்குகின்றன. வயிறு நிறைகிறது, உணவு சேர்வதில்லை. தென் கொரியக் கடற்கரைகளில் ஒதுங்கும் குப்பையில் பெரும் பகுதி, சிப்பி வளர்ப்போர் கட்டிய தெர்மாகோல் மிதவைகளிலிருந்து வந்ததே. சூரிய ஒளி படும் இடத்தில் பாலிஸ்டைரீன் சில பத்தாண்டுகளிலிருந்து சில நூற்றாண்டுகளுக்குள் சிதைந்துவிடலாம் என்று அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலாராய்ச்சி நிலையத்தார் 2019-ல் வெளியிட்டார்கள். அதற்கு முன் வரை ஆயிரக் கணக்கான வருஷம் ஆகும் என்று சொல்லி வந்தார்கள். ஆகையால் இது நல்ல செய்திதான்! ஆனால் மண்ணுக்கடியில் ஒளி ஏது?

தெர்மாகோலும் தண்ணீரும் என்றால் நம்மவர்களுக்கு வைகை அணை ஞாபகம் வராமல் இராது. 2017-ம் வருஷம் ஏப்ரல் மாதம், கோடையில் நீர் ஆவியாகிப் போவதைத் தடுக்க வேண்டுமென்று மந்திரி ஒருவர் முன்னிலையில் தெர்மாகோல் அட்டைகளை ஒட்டி அணை நீரில் மிதக்கவிட்டார்கள். சற்று நேரத்தில் காற்று அவற்றைக் கரையில் கொண்டுவந்து ஒதுக்கிவிட்டது. தமிழ்நாடு முழுவதும் சிரித்தது, நானும் சிரித்தேன். நீரை மூடி ஆவியாதலைக் குறைக்கலாம் என்ற எண்ணம் மட்டும் சிரிக்கத்தக்கதன்று. 2015-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தார் தங்கள் நீர்த்தேக்கம் ஒன்றில் 9 கோடியே 60 லட்சம் கறுப்புப் பந்துகளை மிதக்கவிட்டார்கள். முதல் நோக்கம் வெயிலால் நீர் கெடாமல் காப்பது. ஆவியாதல் குறைந்தது கூட வந்த லாபம். அந்தப் பந்துகளுக்குள் பாரத்திற்காகத் தண்ணீரை நிரப்பியிருந்தார்கள். வைகையில் தவறியது பாரம். தெர்மாகோலைக் காற்று எங்கே கொண்டுபோகும் என்று யாரும் கேட்கவில்லை. அணையில் நடந்தது எல்லார் கண்ணிலும் பட்டது. அதே தவறுதான் கல்யாண மண்டபத்துக் கொல்லையில் முகூர்த்தத்திற்கு முகூர்த்தம் நடந்து வந்தது. அங்கே சிரிக்க யாரும் இல்லை.

சட்டங்கள் வராமல் இல்லை. தமிழ்நாட்டு ஸர்க்கார் 2019 ஜனவரி 1-ந் தேதி முதல் தடை செய்த பதினான்கு பொருள்களில் தெர்மாகோல் தட்டும் தெர்மாகோல் கோப்பையும் உண்டு. மத்திய ஸர்க்கார் 2022 ஜூலை 1-ந் தேதி முதல் அலங்காரத்துக்கான தெர்மாகோலையும் விலக்கினார்கள். ஐரோப்பிய தேசங்களில் 2021 ஜூலையிலிருந்து தெர்மாகோல் உணவுப் பெட்டிகளை விற்கக் கூடாது. ஆனால் குளிர்சாதனப் பெட்டிக்கு முட்டுக் கொடுத்து வரும் கட்டிக்கு இந்தத் தடைகள் பொருந்தா. அதைக் கம்பெனியே திரும்ப எடுத்துக்கொண்டு போனால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. கொண்டுவந்த லாரி காலியாகத்தானே திரும்புகிறது? நாற்பது ஐம்பது கட்டிகளை ஒரு கட்டியாக அழுத்திவிடும் இயந்திரங்கள் இருக்கின்றன. அப்படி அழுத்தியதைக் கொண்டு படச் சட்டங்கள் செய்கிறார்கள். அந்த இயந்திரம் இருக்கும் இடத்துக்குச் சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடுதான் இல்லை.

புழுவைக் கொண்டு தின்னச் செய்யலாம் என்று சில பெற்றோர்கள் என்னிடம் சொன்னார்கள். பத்திரிகையில் படித்தார்களாம். செய்தி உண்மைதான். மாவிலும் தவிட்டிலும் வளரும் ஒரு வகை வண்டின் புழுக்கள் தெர்மாகோலைத் தின்று ஜீரணிக்கின்றன என்று சீன விஞ்ஞானிகளும் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையாரும் 2015-ல் காட்டினார்கள். நூறு புழுக்கள் சேர்ந்து நாளொன்றுக்குத் தின்றது 34 முதல் 39 மில்லிகிராம். 35 என்று வைத்துக்கொண்டு எட்டாம் வகுப்பில் கணக்காகக் கொடுத்தேன். ஒரு வீட்டுக் குப்பையில் 1 கிலோ தெர்மாகோல் இருந்தால், நூறு புழுக்கள் அதைத் தீர்க்க எத்தனை வருஷம்? எழுபத்தெட்டு வருஷம் என்று விடை வந்தது. "அதுவரைக்கும் புழு உயிரோடு இருக்குமா, சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. அதே கணக்கைப் பதினாயிரம் புழுக்களுக்குப் போட்டால் ஒன்பதரை மாதம். ஆனால் பதினாயிரம் புழுக்களை வீட்டில் வளர்க்க என் மனைவி சம்மதிக்கமாட்டாள்.

என் தாயார் சொன்ன நெட்டிக்கு வருகிறேன். அவர் தஞ்சை ஜில்லாக்காரர். குளங்களிலும் ஏரிக் கரைகளிலும் சேற்று நீரில் நெட்டி என்ற செடி வளர்கிறது. தண்டை வெட்டி உலர்த்தி, மேல்தோலைச் சீவினால், உள்ளே பால் போன்ற வெண்மையுள்ள தக்கை. கையில் எடுத்தால் எடையே தெரியாது. கூரிய கத்தி பட்டால் காகிதம் போல் அரிந்து வரும். வெள்ளைக்காரத் துரைமார் வெயிலுக்கு அணிந்த தொப்பி இதனால் ஆனது. மாட்டுப் பொங்கலன்று மாடுகளின் கழுத்தில் வர்ண வர்ணமாகப் போடுகிற மாலையும் இதனால் ஆனதே. தஞ்சாவூர்க் கைவினைஞர்கள் பெரிய கோயிலையே, பளிங்கோ தந்தமோ என்று மயங்கும்படி, நெட்டியில் செதுக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாலை வாடிப் போனால் எருக் குழியில் போடலாம். அடுத்த போகத்தில் அது மண். தெர்மாகோல் வந்ததும் பந்தலிலிருந்தும் சப்பரத்திலிருந்தும் நெட்டி இறங்கிவிட்டது. ஒரு முழப் பூவுக்கு ஒரு பகல் உழைக்கும் கை, மிஷின் அறுத்துத் தள்ளும் அட்டையோடு விலையில் போட்டியிட முடியுமா? நெட்டியைக் கொண்டு குளிர்சாதனப் பெட்டிக்கு முட்டுக் கொடுக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு முட்டைத் தட்டுச் செய்கிற காகிதக் கூழை அச்சில் வார்த்துக் கட்டியாக்குகிறார்கள். சில சாமான்கள் இப்போதே அப்படி வருகின்றன.

இவ்வருஷக் கண்காட்சிக்குத் தெர்மாகோல் கூடாது என்று அறிவித்தேன். பெற்றோர்கள் இருவர் வந்து ஆட்சேபித்தார்கள். அட்டையை வாங்கி அறுத்து ஒட்டினால் ஒரு மாலையில் வேலை முடியும், களிமண்ணோடு மல்லுக்கட்டப் பிள்ளைகளுக்கு நேரம் எங்கே என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. மேட்டூர் அணையைக் களிமண்ணால் செய்த கோஷ்டி அதைத் தூக்கி வர நான்கு பேர் வேண்டியிருந்தது; வழியில் ஒரு மதகு விரிந்து, மேஜைமேல் வைத்ததும் தண்ணீர் ஒழுகிற்று. பரீட்சை செய்ய வந்தவர் ஒழுகலைப் பார்த்துவிட்டு, அணையில் விரிசல் எங்கே முதலில் விழும், ஏன் விழும் என்று அந்தப் பையன்களைக் கால் மணி நேரம் கேள்வி கேட்டார். கண்காட்சி முடிந்த பின் அணையை உடைத்துப் பள்ளிக்கூடத் தோட்டத்திலேயே போட்டோம்.

வீட்டில் தெர்மாகோல் கட்டிகள் இரண்டு மிஞ்சின. குழிவாக இருந்த ஒன்றில் என் மகள் மண் நிரப்பி மொட்டை மாடியில் வெந்தயக் கீரை போட்டிருக்கிறாள். மற்றொன்று பரணில் இருக்கிறது. காகித வியாபாரி மாதத்திற்கு ஒரு முறை வருகிறார். வரும்போதெல்லாம் நான் கேட்கிறேன், அவர் தராசைக் காட்டுகிறார்.